பொட்டலத்தை டே கேரில் விடும் முன் சம்பந்தி அறிய வேண்டியவை

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான் நலம். என் மனைவி ஒரு கண் முழு நலம், மறு கண் முக்கால் நலம். பொட்டலம் எங்கள் இருவரையும்விட நலம். அங்கே தாங்களும் சம்பந்தி அம்மாவும் குறையொன்றும் இல்லாமல் இருப்பீர்கள், ஹார்டுவேர் கடையும் வழக்கம்போல நிற்க நேரமில்லாமல் நடக்கும் என்று நம்புகிறேன்.

போனில் கேட்டதற்குக் கடிதத்தில் பதில் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். போனில் ஆரம்பித்தால் நீங்கள் இரண்டு தடவை 'சரிங்க சரிங்க' என்பீர்கள், அதற்குள் யாராவது வந்து ஆணி கேட்பார்கள், பேச்சு அங்கேயே அறுந்துவிடும். இது ஆணிக்கு நடுவில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை. உங்கள் மகனும் என் மகளும் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பியபோது நாம் நால்வரும் உட்கார்ந்து பேசியபடி, பொட்டலம் பாதிக் காலம் எங்களிடம், பாதிக் காலம் உங்களிடம். எங்கள் காலம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. சொன்ன சொல் மாற மாட்டேன், கடைசி ஞாயிற்றுக்கிழமை நானே வண்டி வைத்துக் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். நீங்கள் இருவரும் பகல் முழுக்கக் கடையில் இருப்பவர்கள் என்பதால் உங்கள் தெருமுனையில் திறந்திருக்கிற நாய் டே கேரில் விடப் போவதாகச் சொன்னீர்கள், விடுவதற்கு முன்பு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்றும் கேட்டீர்கள். அந்த வழியில் முன்பே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு வந்தவன் என்ற தகுதியில் எழுதுகிறேன்.

முதலில், நாங்கள் ஏன் அனுப்பினோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வைத்துப் பார்க்க உடம்பு வணங்காமல் தள்ளிவிட்டார்கள் என்று சம்பந்தி அம்மா நினைக்கக்கூடும். என் மனைவிக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனது உங்களுக்குத் தெரியும். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, தும்மலைக்கூட யோசித்துத்தான் தும்ம வேண்டும் என்று சொன்ன டாக்டர், கடைசியாக "வீட்ல நாய் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "மேல தாவுமா?" என்றார். நான் என்னத்தைச் சொல்ல. உங்கள் வீட்டுக்குத் துண்டில் சுற்றி எடுத்துவந்த குட்டிக்கு அன்றைக்கு நீங்கள் வைத்த பெயர் பொட்டலம். இப்போது அதைப் பொட்டலம் கட்ட வேண்டுமென்றால் இரட்டைக் கட்டில் போர்வை வேண்டும். அந்த உடம்பை வைத்துக்கொண்டு, வாசலில் யார் வந்தாலும் மார்பில் இரண்டு முன்னங்கால்களையும் ஊன்றி, நெற்றியிலிருந்து முகவாய் வரை ஒரே இழுப்பில் நக்கி முடித்த பிறகுதான் உள்ளே விடும். "ஒரு நகம் பட்டாப் போதும், நான் செஞ்ச வேலை அத்தனையும் போச்சு. ஆறுற வரைக்கும் பகல்ல வேற எங்கயாவது விடுங்க" என்றார் டாக்டர். உங்களிடமே முன்கூட்டி அனுப்பியிருக்கலாம். எங்கள் முறையில் வந்த கஷ்டத்தை உங்கள் தலையில் கட்டுவது அழகில்லை என்று விட்டுவிட்டோம். எங்கள் பக்கத்தில் இருக்கும் டே கேரில் சேர்த்துக்கொள்ளாவிட்டால், ஊருக்கு வெளியே கூண்டு கூண்டாகக் கட்டி வைத்திருக்கும் இடம் ஒன்றுதான் மிச்சம். உங்கள் வீட்டு நாயைக் கூண்டில் போட்டுவிட்டு நான் எந்த முகத்தோடு உங்கள் கடைப் படி ஏறுவது?

போன உடனே சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தடுப்பூசி போட்ட சான்று கேட்பார்கள். ஒரு ஊசி தள்ளிப்போயிருந்தது. சரி, போட்டுக்கொண்டு வருகிறேன் என்றால், போட்ட கையோடு விட முடியாது, கொஞ்ச நாள் ஆக வேண்டும் என்றார்கள். அந்தக் கொஞ்ச நாளும் பொட்டலத்தின் வாரை என் இடுப்பில் கட்டிக்கொண்டு சமைத்தேன். கொதிக்கிற பாத்திரத்தோடு நான் வலப்பக்கம் திரும்பும்போது ஜன்னலில் பூனை தெரிந்தது, பொட்டலம் இடப்பக்கம் போய்விட்டது. பாத்திரம் எந்தப் பக்கம் போனது என்பதை எழுத எனக்கு மனமில்லை. ஆகவே தாங்கள் ஊசி விஷயத்தை இப்போதே விசாரித்து வையுங்கள்.

அடுத்தது, முதல் நாளை வெள்ளோட்டம் என்கிறார்கள். மற்ற நாய்களோடு ஒத்துப்போகிறதா என்று அரை நாள் வைத்துப் பார்ப்பார்கள். எனக்கு அது பரீட்சை என்று பட்டுவிட்டது. உங்கள் மருமகளை முதல் வகுப்பில் சேர்க்கப் போனபோது எப்படித் தயார் செய்தேனோ அப்படியே செய்தேன். வாசனை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினேன். தேய்த்துத் துடைத்துப் பவுடர் போட்டேன். அது படுக்கிற பழைய விரிப்பையும் கூடவே கொண்டுவரச் சொன்னார்கள், அழுக்கோடு கொண்டுபோனால் நம் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று அதையும் துவைத்து இஸ்திரி போட்டேன். அங்கே என்ன ஆனது என்றால், மற்ற நாய்கள் பொட்டலத்தைச் சுற்றி நின்று மோந்து பார்த்தன, ஒன்று தும்மியது, பிறகு எல்லாம் ஒதுங்கிப் போய்விட்டன. பொட்டலம் தன் விரிப்பைத் தானே மோந்து பார்த்துவிட்டு யாருடையதோ என்று தள்ளிப் படுத்தது. அங்கே பொறுப்பாக ஒரு அம்மாள் இருக்கிறார், கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். நாங்கள் விசிலம்மா என்றுதான் சொல்லுவோம். அவர் என்னைப் பார்த்து, "சார், நாய்க்கு வாசனைதான் முகம். நீங்க முகத்தையே அழிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்றார். அழுக்கு விரிப்புக்கு இவ்வளவு மதிப்பு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

பிறகு கேள்விகள். "கடிக்குமா?" என்று விசிலம்மா கேட்டார். "கடிக்க மாட்டாருங்க" என்றேன். "யாரு?" என்றார். "பொட்டலம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதை உங்களிடம் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பொட்டலம் எங்கள் வீட்டுக்குள் கால் வைத்த அன்றே என் மனைவி போட்ட உத்தரவு, மாப்பிள்ளை வீட்டு நாயை யாரும் வா போ என்று கூப்பிடக் கூடாது. வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க, இவ்வளவுதான் அதற்கு எங்கள் வீட்டில் காதில் விழுந்த பேச்சு. விசிலம்மா "உட்கார்" என்றார். பொட்டலம் கூரையைப் பார்த்தது. இன்னொரு தடவை அதட்டலாக "உட்கார்" என்றார். பொட்டலம் அவருக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு "உட்காருங்க" என்றேன், உட்கார்ந்தது. "தப்புப் பண்ணினா வீட்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டார். "ஒண்ணும் சொல்றதில்லீங்க. சம்பந்தி வீட்டு நாய். நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாதுல்ல?" என்றேன். "நாய் போய்ப் பேசுமா சார்?" என்றார் விசிலம்மா. வீட்டில் எப்படி வைத்திருக்கிறோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் நாம் சொல்லாவிட்டாலும் நாய் சொல்லிவிடுகிறது.

அடுத்தது தாழ்ப்பாள். தாங்கள் தாழ்ப்பாள் விற்பவர், உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் நான் வேலைக்காலம் முழுக்க லிஃப்ட் பரிசோதகராக இருந்தவன். கதவு சரியாகச் சாத்துகிறதா என்று பார்க்காமல் எந்தக் கட்டடத்திலும் காலை உள்ளே வைத்ததில்லை. நாய்கள் விளையாடுகிற முற்றத்துக்கு ஒரு கம்பிக் கதவு. அதில் தூக்கித் தள்ளுகிற மாதிரி ஒரு தாழ்ப்பாள், உங்கள் கடையில் வாசலுக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருப்பீர்களே, அந்தச் சாதி. தெருக்கதவிலும் அதே. பொட்டலத்தைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நான் அதைத் தூக்கினேன், தள்ளினேன், திறந்தேன், மூடினேன், மறுபடி தூக்கினேன். திருப்தி வருகிற வரைக்கும் செய்தேன். நடுவில் பொட்டலத்துக்கும் விளக்கினேன். "இங்க பாருங்க, இதை மூக்கு உயரத்துக்குத் தூக்கி இந்தப் பக்கம் தள்ளினா கதவு திறந்துக்கும். அதனால இதைத் தொடக் கூடாது. புரியுதா?" என்றேன். அது தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு இமைக்காமல் பார்த்தது. என்ன கவனம், என்ன அடக்கம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

விடைபெறுவதிலும் ஒரு முறை இருக்கிறதாம். "விட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிடுங்க, அப்பத்தான் அது பழகும்" என்றார் விசிலம்மா. சொல்லுவது சுலபம். சம்பந்தி வீட்டு ஆளை ஒரு இடத்தில் உட்கார வைத்துவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி எனக்குப் பழக்கம் இல்லை. போயிட்டு வரேன் என்றேன், சாயங்காலம் வந்துடுவேன் என்றேன், பயப்படாதீங்க என்றேன். தெருமுனை வரை போய்விட்டு, பயப்படுகிறதா என்று பார்க்கத் திரும்பி வந்தேன். என் தலையைக் கண்டதும் அது ஊளையிட, அதைக் கேட்டு இன்னொன்று ஊளையிட, முற்றம் முழுக்க ஒரே ஒப்பாரி. விசிலம்மா ஊதி ஊதிக் களைத்துப் போனார். தாங்கள் அந்தத் தவற்றைச் செய்ய மாட்டீர்கள், உங்களுக்குக் கடை திறக்கிற அவசரம் இருக்கும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. பொட்டலம் சாப்பிடவில்லை. முதல் நாள் சாப்பிடவில்லை, புது இடம் என்றார்கள். மறுநாளும் சாப்பிடவில்லை. கிண்ணத்தைப் பார்க்கும், பிறகு கிண்ணம் வைத்தவர் முகத்தைப் பார்க்கும், தலையைத் திருப்பிக்கொள்ளும். "இப்படியே போனா நான் வெச்சுக்க முடியாது சார். பட்டினி கிடக்கிற நாயைப் பொறுப்பெடுத்துக்க எனக்குப் பயமா இருக்கு" என்று விசிலம்மா சொன்னபோது எனக்கு அந்தக் கூண்டுகள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் மனைவி கண்ணில் மூடியோடு நாற்காலியில் சாய்ந்தபடி, "யாராவது பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்கன்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்த நாள் முதல் அது தனியாகச் சாப்பிட்டதே இல்லை. இவள் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்காருவாள், அது ஒவ்வொரு வாய்க்கும் இவள் முகத்தைப் பார்க்கும். விசிலம்மாவிடம் முக்காலி போட்டு உட்காரச் சொல்ல முடியுமா? அதனால் என் மனைவியின் குரலைப் போனில் பதிவு செய்து கொடுத்தேன்.

மறுநாள் மதியம் விசிலம்மா அந்தப் பதிவை ஒரு ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். "சாப்பிடுங்க. கூச்சப்படாதீங்க. இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோங்க. உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோங்க" என்று என் மனைவி குரல் முற்றம் முழுக்கக் கேட்டிருக்கிறது. அடுத்து நடந்தது விசிலம்மா சொல்லக் கேட்டது. அத்தனை நாய்களும் கிண்ணத்தில் பாய்ந்தனவாம். பத்தியத்தில் இருந்த ஒரு நாய் தன்னுடையதை முடித்துவிட்டுப் பக்கத்துக் கிண்ணத்தையும் காலி செய்ததாம். சாப்பிடாதது பொட்டலம் மட்டும்தான். அது ஸ்பீக்கருக்கு முன்னால் நின்றது, பின்னால் போய்ப் பார்த்தது, மேசைக்கு அடியில் தேடியது. இவள் எங்கேயும் இல்லை. நேரே கம்பிக் கதவுக்குப் போய், மூக்கால் தாழ்ப்பாளைத் தூக்கி, இந்தப் பக்கம் தள்ளித் திறந்துகொண்டு போய்விட்டது. தெருக்கதவையும் அப்படியே. மற்ற நாய்கள் திறந்த கதவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அளவுக்கு என் மனைவியின் உபசரிப்பு.

விசிலம்மா போன் செய்தபோது நான் மருந்துக் கடையில் கண் சொட்டு மருந்து வாங்கிக்கொண்டிருந்தேன். "உங்க நாய் வெளியே போயிடுச்சு சார், ஆளுங்க தேடிப் போயிருக்காங்க" என்றார். அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா. வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அங்கே இவள் தனியாக இருக்கிறாள். எழுந்து வந்து திறக்கச் சிரமப்பட வேண்டாம் என்று கதவைச் சும்மா சாத்திவிட்டு வந்திருக்கிறேன். அது உள்ளே போனால் என்ன செய்யும் என்பதும் தெரியும். மார்பில் இரண்டு கால், நெற்றியிலிருந்து முகவாய் வரை ஒரே இழுப்பு. சம்பந்தி, நான் ஓடினேன். ஒரு செருப்பு மருந்துக் கடையிலேயே நின்றுவிட்டது. எதிரே வந்தவர்கள் எல்லாம் யாருக்கு என்ன என்று கேட்டார்கள், நான் ஓடிக்கொண்டே இருந்தேன். வழியெல்லாம் அந்த டாக்டரின் முகம்தான் தெரிந்தது.

உள்ளே நுழைந்தால் இவள் நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள். பொட்டலம் அவள் காலடியில், பாதத்தின் மேல் முகவாயை வைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றது. இப்போது தாவப் போகிறது என்று நான் அசையாமல் நின்றேன். அவள் கண்ணைத் திறக்காமலே "உட்காருங்க" என்றாள். நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம்.

"மேல விழுந்துதா?" என்று கேட்டேன். "இல்லையே. நீங்கதான் வந்துட்டீங்கன்னு நினைச்சேன். மருந்து கெடச்சுதான்னு கேட்டேன், பதிலே சொல்லாம மூச்சு வாங்கிட்டு நின்னுது. நீங்களும் அப்படித்தானே நிப்பீங்க. அப்புறம் கையைத் தொங்கப் போட்டேன், காது தட்டுப்பட்டுது" என்றாள். ஒரு நகம்கூடப் படவில்லை. வாசலில் வந்த அத்தனை பேர் முகத்தையும் கழுவிவிட்ட நாய், இவள் இருந்த நிலையைப் பார்த்து மெதுவாக வந்து மெதுவாகப் படுத்திருக்கிறது. அதற்கு யார் சொன்னார்கள்? எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிவந்த வேர்வை என்று சொல்லிச் சமாளித்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் அவள் நம்பவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். ஒரு தடவை தாவவில்லை என்றால் இனிமேல் தாவாது என்று அர்த்தம் இல்லை என்றார். அதனால் மறுபடியும் டே கேருக்குக் கூட்டிக்கொண்டு போனேன், போகிற வழியெல்லாம் விசிலம்மாவிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன். அவர் பொட்டலத்தைத் தட்டிக்கொடுத்து உள்ளே விட்டுவிட்டு, என்னை மட்டும் வாசலில் நிறுத்தினார். "அது மேல தப்பில்ல சார், சொல்லிக் குடுத்ததைச் செஞ்சுது. தாழ்ப்பாளை மாத்திட்டேன். புதுத் தாழ்ப்பாளை நீங்க பாக்க வேணாம்" என்றார். அன்றிலிருந்து நான் தெருமுனையிலேயே நின்றுவிடுகிறேன், அங்கே வேலை பார்க்கும் பெண் வந்து கூட்டிக்கொண்டு போகிறாள். அவளே மதியம் பக்கத்தில் உட்கார்ந்து "சாப்பிடுங்க" என்கிறாள், பொட்டலம் கிண்ணத்தை நக்கித் துடைத்து வைக்கிறது. இப்போது அந்த முற்றத்தில் எல்லா நாய்களுக்கும் அந்த மரியாதைதான் நடக்கிறதாம். யாராவது ஒன்றை வா என்று கூப்பிட்டால் மற்றவை முறைக்கின்றனவாம், இது விசிலம்மா சொன்னது, கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார். காது தொங்கின கிழட்டு நாய் ஒன்றோடு அதற்குச் சிநேகம். சாயங்காலம் களைத்து வந்து, வாரைக் கழற்றுவதற்குள் தூங்கிவிடுகிறது.

ஆகவே தைரியமாக விடுங்கள், நல்ல இடமாக இருந்தால் நாய் சந்தோஷமாகத்தான் இருக்கும். எங்களுக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கும், அதை மறைக்கவில்லை. மாதக் கடைசி நெருங்குகிறது என்று இவளிடம் சொன்னேன். "சரி" என்றாள். அதன் விரிப்பை மட்டும் துவைக்காமல் அனுப்பச் சொன்னாள்.

சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். பிள்ளைகள் போனில் வந்தால், கண் நன்றாக ஆறிவருகிறது, கவலைப்பட வேண்டாம் என்று எங்கள் ஆசியோடு சேர்த்துச் சொல்லவும். கடையும் குடும்பமும் மேலும் மேலும் செழிக்கட்டும்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
சம்பந்தி

பி.கு.: உறையில் போடும் முன் இவளுக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள், செருப்பு நின்றுபோன இடத்தில் சிரித்தாள். பிறகு, "அங்கேயும் அது என்னிக்காவது கதவைத் திறந்துட்டு வீட்டுக்கு ஓடி வரும். அந்த நேரத்துல அங்க வீட்ல யாருங்க இருப்பாங்க?" என்று கேட்டாள். சம்பந்தி கடையிலேயே நல்ல தாழ்ப்பாளாக ஒன்று பார்த்துக் கொடுத்துவிடலாம் என்றேன். "நான் தாழ்ப்பாளைப் பத்திக் கேக்கல" என்றாள். நான் மறுபடி பேனாவை எடுத்தேன். ஆகையால் மேலே எழுதிய எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம், ஊசி விசாரிக்க வேண்டாம், டே கேரில் சொல்லி வைக்கவும் வேண்டாம். பெண்ணைக் கொடுத்தபோது உங்களிடம் நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறோம். பொட்டலம் இங்கேயே இருக்கட்டும்.